வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்

பதில் சொல்லியாக வேண்டும்.
சம்பளம் தடித்த எழுத்தில் இருந்தது.
வாரம் ஐந்து நாளும் அலுவலகம் என்பது
மூன்றாம் பக்கத்தின் அடியில்,
மருந்து அட்டையின் பின்புற எச்சரிக்கை அளவுக்கு.

இப்போது எனக்கு
செவ்வாயும் வியாழனும் கழக்கூட்டம்.
மீதி மூன்று நாள் கருங்கல், மாடி அறை,
ரப்பர் ஷீட் காயும் கொடிக்கு இந்தப் பக்கம்.
என் துணியெல்லாம் புளித்த பால் வாசம்.
கேமராவுக்கு மூக்கில்லை. அது ஒரு வசதி.

"நீ வீட்டிலதானே இருக்க" என்று
தொடங்காத வாக்கியத்தை
அந்த மூன்று நாளில் கேட்டதில்லை.
கேஸ் வரும், ரூபாய் எடுத்து வை.
தேங்காய் வெட்ட ஜெஸ்டஸ் வருவான், எண்ணி வாங்கு.
ஒருமுறை மியூட் போட மறந்து
"சாளை கிலோ எவ்வளவு?" என்றேன்.
ஹாம்பர்க்கில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஆனாலும் போன ஆனியில் ஒரு புதன்.
பகல் பதினொரு மணிக்கு
வேளிமலையிலிருந்து இறங்கிய மழை
ரப்பர் மரங்களின் பிளாஸ்டிக் பாவாடைகளைத்
தட்டித் தட்டி வந்தது.
ஆஷ்னாவுக்குக் காய்ச்சல். அவள் தலை என் தொடையில்.
ஒரு கையால் பிழைகளைப் பதிந்தேன்.
இருபத்திமூன்று. ஒன்றைக்கூட யாரும்
"இது பிழையில்லை" என்று திருப்பி அனுப்பவில்லை.

"ஒனக்க இஷ்டம்" என்றான் அஜின்,
கேட்டைச் சாத்தாமல் போகிறவனைப் போல.
சங்கத்துக்கு ஒன்பதரைக்குப் போகிறான்,
ஐந்தேகாலுக்கு வருகிறான்.
அவன் இஷ்டத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.
அவனும்தான்.

பழைய காலண்டரின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
குழித்துறை ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டர் அரைமணி,
வண்டி ஒன்றேமுக்கால், திரும்பவும் அதேபோல்.
வாரத்துக்குப் பதின்மூன்றரை மணி கூடுதல்.
கூடும் சம்பளத்தை அதனால் வகுத்தால்
மணிக்கு இருநூற்றுச் சொச்சம் ரூபாய்.
ஜெஸ்டஸ் இரண்டு தென்னையில் அதை எடுத்துவிடுவான்.

கணக்கில் வராத ஒன்று, வண்டி.
பாறசாலையில் பெயர்ப்பலகையின் எழுத்து மாறும்போது
போனில் சிக்னலும் போய்விடும்.
அங்கிருந்து நெய்யாற்றின்கரை வரை
நான் யாருக்கும் வீட்டில் இல்லை.

இன்னொன்றும் வராது, அந்த மேசை.
இப்போதைய ஆபீசில் நாற்காலியை ஆப்பில் பிடிக்க வேண்டும்.
முந்தின நாள் ஆளின் பப்ஸ் துகள் கிடக்கும்.
அங்கே ரெம்யா எனக்கொரு மேசையைக் காட்டினாள்.
அவள் இன்ஷூரன்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருக்க
நான் கீழ் இழுப்பறையை இழுத்துப் பார்த்தேன்.
காலி. ஒரு ஜெம் கிளிப் மட்டும்.
வீட்டில் என் இழுப்பறையில்
ரேஷன் கார்டு, ஷீட் விற்ற சீட்டுகள், உடைந்த கிரேயான்,
எந்தக் குழாயினது என்று தெரியாத ஒரு வாஷர்.

வெள்ளி, ஐந்து நாற்பது. கரண்ட் போனது.
கீழேயிருந்து மாமியின் குரல்:
"பெனிற்றா, மேலதானே நிக்க? ஷீட்டு நனையுது பிள்ள!"
பதினெட்டு ஷீட்டையும் வாரி உள்ளே போட்டுவிட்டு
ஈரக் கையோடு ரெம்யாவுக்கு எழுதினேன்:
ஒரு சந்தேகம். இழுப்பறைக்குச் சாவி உண்டா?

உண்டு, ரெண்டு என்று பதில் வந்தது.
ஒன்று எங்ககிட்ட இருக்கும், கேட்டோ.

சிரிப்பு வந்தது.
இரண்டில் ஒன்று.
இந்த மாடிக் கதவுக்குக் கொக்கியே கிடையாது.

ஐந்து ஐம்பத்தாறுக்குச் சரி என்று அனுப்பினேன்.
அஜினிடம் இன்னும் சொல்லவில்லை.
காலண்டரின் பின்பக்கம்
அந்தப் புதனை எதிலிருந்தும் கழிக்கத் தெரியாமல்
ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்,
சுற்றி ஒரு வட்டம் போட்டு.